கார்புரேட்டருக்குப் பூசிய பவுடர்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று மாமா பந்தியில் உட்காரவில்லை. அம்மாவுக்கு நேர் இளையவர் அவர். வாசலில் நின்று ஊர் கேட்கச் சத்தம் போட்டார். "எங்கக்காவ ஒரு எட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா இன்னைக்கு இருந்திருக்கும். காரு வச்சிருக்காராம், பெரிய காரு!" அப்பா இலை போடுவதை நிறுத்தாமல் தலையைக் குனிந்துகொண்டார். மாமா கை நனைக்காமலேயே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் போனால் அங்கே உறவு முறிந்தது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நானும் அப்பாவும்தான். நிலக்கோட்டை ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளி எங்கள் வீடு. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா சோறு வடிப்பார், பேருக்கு ஒரு வெஞ்சனம் வைப்பார், ரேடியோவைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். பள்ளிக்கூட நாட்கள் எப்படியோ போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. முன்பெல்லாம் அன்றைக்கு மாமா வருவார், வீடே இரண்டுபடும். இப்போது வாசற்படியில் உட்கார்ந்து பூ வேன்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்தால் தேவலை என்றிருக்கும். யாரும் வரமாட்டார்கள்.

அப்படியிருக்கையில் ஒருநாள் கார் கொட்டகையில் பெட்ரோல் வாடை அடித்தது. கார் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையது. கார்புரேட்டருக்குக் கீழே தரையில் ஈரம். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க மாமாட்ட போயி காரு ஒழுகுதுன்னு சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லாத."

பள்ளிக்கூடம் விட்டதும் பேகம்பூரில் இருந்த மாமாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். "திண்டுக்கல்லுல வேற மெக்கானிக்கே இல்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானர் பையோடு வந்து நின்றார்.

இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான் நின்றேன். "ஏத்தா, உங்கப்பாவ பீடிய அணைக்கச் சொல்லு." அப்பா அணைத்தார். மாமா கார்புரேட்டரைத் துணியால் துடைத்துக் காயவிட்டார். பெட்ரோல் ஒரு இடத்தில் கசிந்து, அடியில் ஓடி, வேறோர் இடத்தில் சொட்டுமாம். அதைப் பிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். "வீட்டுல பவுடர் இருந்தா எடுத்துட்டு வா."

வீட்டில் இருந்தது அம்மாவின் பவுடர் டப்பா ஒன்றுதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பிறகு கார்புரேட்டர் முழுக்கப் பூசினார், குழந்தை முகத்துக்குப் பூசுவது மாதிரி. பம்பைக் கையால் அமுக்கி பெட்ரோலை வரவழைத்தார். கொட்டகை முழுக்க அம்மா வாடை. அப்பா வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில் பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தைத் தாங்கும் போல்ட்டைச் சுற்றிப் பவுடர் நனைந்து கறுத்தது. மாமா அதை இறுக்கினார், நான் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி ஒழுகியது. மாமா மறுபடி வந்தார், அதே போல்ட். இந்த முறை தண்ணீர் குடித்தார். பிறகு ஒழுகியபோது டீ. வீட்டில் ஒரு கார் கெட்டுப்போனதற்காகச் சாமிக்கு நன்றி சொன்ன பிள்ளை நானாகத்தான் இருப்பேன். பவுடர் தீர்ந்ததும் அப்பா அதே பவுடரில் புது டப்பா வாங்கி வந்தார். எனக்குத்தான் என்று நினைத்துப் பூசிக்கொண்டு நின்றேன். "அது காருக்குத்தா" என்று சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பானெட்டைத் திறந்து ஸ்பானரோடு குனிந்திருந்தார். நான் ஓடிப்போய் "என்னப்பா செய்றீங்க?" என்றேன். திடுக்கிட்டு நிமிர்ந்து, "இறுகியிருக்கான்னு பாக்குறேன்" என்றார். நன்றாக இறுக்கிவிட்டால் மாமா ஏன் வருவார்? அன்றைக்குத் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். அடியில் வைத்த டின்னில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இறுக்கியும் நிற்கவில்லை. அவர் கைவேலையை நினைத்தால் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று போல்ட்டை இறுக்கி முடித்த மாமா, என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "கை கழுவிட்டு வாரேன் மச்சான். சோத்தப் போடுங்க."

அப்பா இலை போட்டுப் பரிமாறினார். ரசத்தில் உப்பே இல்லை. மாமா இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அதன்பிறகும் அந்தக் கார் வருஷக்கணக்காக விட்டுவிட்டு ஒழுகியது. நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் ஒழுகியது. "உங்கப்பா வண்டிக்கு வேற வேலையே இல்ல" என்று மாமா போனில் அலுத்துக்கொள்வார்.

போன வருஷம் அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மாமா கொட்டகைக்குப் போய் பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டருக்கு அடியில் கையை விட்டுத் தடவி, விரல்களைப் பார்த்தார். ஈரமில்லை.

"ஒழுகலையே மாமா, நல்லதுதானே?" என்றேன்.

"அந்த போல்ட்டு தானா எங்கிட்டுக் கழலும்? தளத்திவிட ஆளு வேணும்ல." சொல்லிவிட்டு பம்பரின் மேல் உட்கார்ந்து, காலையில் அழாத அழுகையெல்லாம் அழுதார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கியது அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கு ஒரு போல்ட்டை ஒழுங்காக இறுக்கத் தெரியாது என்றும் நினைத்திருந்தேன்.