கால்வெஸ்டன் மணல்

2009 மே மாதம். வன்னிக் கடற்கரையில் போருக்குள் அகப்பட்டிருந்த அக்காவின் தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயிருந்தன. நான் புலம்பெயர்ந்து வாழும் செவன் கிங்ஸ் பகுதியின் தமிழ்க் கடையில் நின்ற அண்ணை ஒருவர், “சனத்தை ஏத்த அமெரிக்கக் கப்பல் வெளிக்கிட்டிட்டுதாம், கால்வெஸ்டன் துறைமுகத்தில இருந்து” என்றார்.

அப்படியே நம்பினேன். நூலகத்துக்கு ஓடி அந்த நகரத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். முன்பொரு காலத்தில் புயல் ஊரையே வாரிக்கொண்டு போனதாம். மிஞ்சியவர்கள் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலை நிரப்பி, ஊரை உயர்த்தினார்களாம். மனைவியிடம் சொன்னேன்.

“அப்பிடிப்பட்ட சனம் எங்களைக் கைவிடமாட்டினம். கட்டாயம் வருவினம்” என்றாள்.

கப்பல் வரவில்லை. பிறகு ஊருக்குப் போய்வந்த ஒருவர், அக்கா இருந்த கரையை இராணுவத்தினர் மணல் கொட்டி நிரவிவிட்டார்கள் என்றார். அடியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.