முந்நூறு ரூபாய்க் கடல்

நவீன ஓவியத்துக்கு விலை சொல்லத் தனி நெஞ்சுரம் வேண்டும். சொல்லிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியில் கடைகளுக்குப் போர்ட் எழுதிப் பிழைத்தேன். மிச்ச நேரத்தில் படம் வரைந்தேன். அதில் ஒன்று பெரிய கடல் படம்: முழுக்க நீலம், நடுவில் ஒரு கறுப்பு வள்ளம். அதை முந்நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போர்ட் எழுதுவதையே விட்டுவிடுவேன் என்று மனைவியிடம் வாய்விட்டிருந்தேன். அவள் ஒரு வருடம் தவணை தந்தாள்.

கூலிக் கணக்கு

வெங்காயம் பயிரிட்டு நல்ல காசு கண்ட கமக்காரர் ஒருவர் கடல் படத்தின் முன் நின்று, வரைய எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டார். மூன்று நாள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "மேசனுக்கே நாளுக்குப் பன்னிரண்டு ரூபாதான் குடுக்கிறன். உமக்கு நூறோ?" என்று போய்விட்டார்.

அடுத்த கிழமை அவருடைய மைத்துனர் வந்து அதையே கேட்டார். பட்டுத் தெளிந்தவன் அல்லவா, மூன்று மாதம் என்றேன்.

"மூண்டு மாதமோ? அப்ப நீர் இன்னும் தொழில் பழகேல்லை போலை."

ஆயுள் விசாரணை

பிறகு வந்தவர் வட்டுக்கோட்டையில் காணி வழக்குப் பேசும் பிறக்கிராசியார். வாங்கிப் போட்டால் காணி மாதிரி விலை ஏறுமா என்று கேட்டார். வெளிநாடுகளில் ஓவியன் செத்தபிறகு பத்து மடங்கு ஏறும் என்று அளந்துவிட்டேன். மணிபேர்சை எடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சலரோகம், பிறஷர் ஏதும் இருக்கோ என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, நல்ல சுகம் என்றேன்.

"அப்ப அவசரமில்லை. பிறகு பாப்பம்."

சும்மா கிடந்த இடம்

தவணை முடிய நாலு நாள் இருக்க, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய பெரியவர் ஒருவர் வந்தார். ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கக் கடல் படத்தைக் கேட்டார். முந்நூறு என்றேன். பேரம் பேசாமல் எண்ணி வைத்தார். சந்தோசத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்போதுதான் அவர் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். அவருடைய பெயர், தகப்பனார் பெயர், பார்த்த உத்தியோகம், ஊர் எல்லாம் அதில் இருந்தன. "படத்திலை இவ்வளவு இடம் சும்மா கிடக்குத்தானே, தம்பி. இதை வடிவாய் எழுதிவிடும்" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி காசைப் பார்த்தாள். எழுதினேன். பெரியவர் நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"எழுத்து நல்ல வடிவு. உந்த வள்ளம்தான் அப்பரின்ரை பேரை இடிக்குது, அதை எடுத்துவிடும்."

வள்ளத்தையும் எடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு போர்ட்டுக்கு முந்நூறு ரூபாய் வாங்கியவன் நான் ஒருவன்தான்.