அண்ணியின் கலகலப்புக்கு ஊர் வைத்த பெயர்கள்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே குழாயடியில் வழுக்கி விழுந்தாள். தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. பிளாஸ்டிக் குடம் ஒரு பக்கம் உருண்டு ஓட, புதுப்புடவை முழுக்கச் சேறு. வரிசையில் நின்ற பெண்கள் பதறிப்போய்த் தூக்க வந்தார்கள். அண்ணியோ விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "தண்ணி புடிச்சாரச் சொல்லி அனுப்புனாங்க, நான் குளிச்சே முடிச்சிட்டேன்" என்றாள். தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றிலிருந்து எழும்பி வரும் சிரிப்பு அது. குழாயடி மொத்தமும் அவளோடு சேர்ந்து சிரித்தது. வீட்டுக்குள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மாவுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "பொம்பள சிரிச்சா போச்சி, பொயில விரிச்சா போச்சி" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

நான் இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கலகலப்புக்கு இணையான சொற்களைக் கேட்டால் பிள்ளைகள் களிப்பு, உவகை, குதூகலம், உற்சாகம் என்று அடுக்குவார்கள். எங்கள் ஊரின் அகராதி வேறு. சங்கராபுரத்தை அடுத்த எங்கள் தெருவில், அண்ணி வந்த புதிதில் அவளைக் 'குஷியான பொண்ணு' என்றார்கள். கொஞ்ச நாளில் அது 'வாயாடி' ஆனது. நடவு வயலில் அவள் பேச்சுக்குப் பெண்கள் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சிரித்தபோது, வயல்காரர் 'துடுக்கு' என்றார். அண்ணன் மட்டும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. கரும்பு டிராக்டர் ஓட்டிவிட்டுக் களைத்து வருகிறவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கி இன்னா நடந்துச்சி?" என்று கேட்பான். அண்ணி நடித்துக் காட்டுவாள். அவன் தனக்கு உயிரான கருவாட்டைக்கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில், பாரம் ஏற்றிய டிராக்டர் வாய்க்கால் மேட்டில் கவிழ்ந்து அண்ணன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அண்ணி பேசியதாகவே எனக்கு நினைவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வேலைக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். அப்போதுதான் தெருவில் அவளுக்கு முதல் நல்ல பெயர் கிடைத்தது. 'அடக்கமான பொண்ணு' என்றார்கள். அதைக் கேட்டு அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ரெண்டு பேரு செத்தாப்ல இருக்குது இந்த வூடு" என்றாள் என்னிடம்.

அடுத்த நடவின்போது எனக்குக் கல்லூரி விடுமுறை. நானும் வயலுக்குப் போயிருந்தேன். மதியம் எல்லாரும் வேப்பமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்தோம். என் பெரியம்மாவின் சோற்று மேலிருந்த கருவாட்டுத் துண்டை ஒரு காக்கை லபக்கென்று கவ்விக்கொண்டு பறந்தது. பெரியம்மா கையை ஓங்கிக்கொண்டு வரப்பு வரப்பாக அதைத் துரத்தினாள். காக்கையின் பரம்பரையையே திட்டினாள். அது எட்டாத கிளையில் உட்கார்ந்து நிதானமாகக் கொத்தியது. என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வுடுங்க பெரியத்த. உங்க புள்ளையாதான் இருக்கும். கருவாட்டப் பாத்தா வுட்டுட்டா போவும் அது?"

அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தப் பழைய சிரிப்பு. கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் பெரியம்மா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். "செத்து ஒரு வருசங்கூட ஆவல. செத்தவன வெச்சே சிரிக்கிறா உம் மருமவ. இன்னா கொழுப்பு! நீ கேக்க மாட்டியா?" வீட்டுக்குள் அண்ணி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பெரியம்மாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"எம் புள்ள கருவாட்டுக்கு அலையறவன்தான்க்கா. அவ ஒண்ணும் பொய் சொல்லலியே" என்றாள். பிறகு, "இத்தன மாசமா இந்த வூட்ல சட்டிபான சத்தந்தான் கேக்குது. அவ சிரிக்கட்டும். யாருக்குனா அது தப்புன்னு பட்டா அவகிட்ட வராதீங்க, எங்கிட்ட வாங்க."

அவர்கள் போனதும் அம்மா உள்ளே வந்தாள். அண்ணி காலில் விழப் போனாள். அம்மா தோளைப் பிடித்து நிறுத்தி, மெல்லக் கேட்டாள்: "அந்தக் காக்கா எந்தப் பக்கமா போச்சிம்மா?"

அண்ணி ஏரிப்பக்கம் கையைக் காட்டினாள். இருவரும் அப்படியே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அண்ணிக்கு மறுமணம் என்ற பேச்சை எடுத்ததும் அம்மாதான். கல்வராயன் மலைக்கு ஜீப்பில் சாமான் ஏற்றிப் போகிற, மனைவியை இழந்த ஒருவர். எங்கள் சனம்தான். பெண் பார்க்க வந்தவர் தயங்கித் தயங்கி அம்மாவிடம், "ஜாஸ்தி சிரிப்பாங்கன்னு ஊர்ல சொல்றாங்களேம்மா" என்றார்.

"ஆமாப்பா, சிரிக்கும்" என்றாள் அம்மா. "அது கம்மியாச்சின்னு தெரிஞ்சா, நானே வந்து கூட்டிக்கினு பூடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதித்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

இப்போது அவர்கள் வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்தருகே இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி. இருந்தும் மாதம் ஒருமுறையாவது மலை பஸ் ஏறிவிடுவாள். போன மாதம் துணைக்கு நானும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்குப் போகாமல், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு லாரியின் மறைவில் நின்றுகொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, போலாமே" என்றேன். கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

கடைக்குள் யாரோ ஏதோ கேட்டார்கள். அண்ணி ஏதோ பதில் சொன்னாள். எங்களுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. அதைத் தொடர்ந்து அவள் சிரிப்பு மட்டும் சாலையைத் தாண்டி வந்தது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வா, போலாம்" என்றாள்.