பின்னாலிருந்து கூப்பிட்டேன்

கிருபையால் நிற்கிறேன் என்று சொல்லித்தான் எல்லாரும் சபையில் சாட்சியை ஆரம்பிப்பார்கள். நான் குழப்பத்தோடு நிற்கிறேன் என்று ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். கோட்டைக்குப்பத்தில் வலை போடுகிற ஏசுதாஸின் மகள். வெளியூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. மாணவர்கள் முதன்முதலாகத் தனியாகப் பறக்கலாமா, கூடாதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போட்டுவிட்டு நான் விமானத்திலிருந்து இறங்கிவிடுவேன். அதற்கப்புறம் உள்ளே ஒரே ஓர் உயிர்தான்.

போன தை மாதம் ஷாலினியின் முறை வந்தது. பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண். நம் ஊர்ப் பேச்சு பேசுவாள் என்பதாலேயே எனக்கு அவளிடம் ஒட்டுதல். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் என் மனசு ஒரு நிலையில் இல்லை. தகுதி பார்த்து அனுப்புகிறேனா, பிரியத்தில் அனுப்புகிறேனா? இரண்டு நாள் ஜெபித்தேன். "ஆண்டவரே, அனுப்பலாம் என்றால் காலையில் காற்றை அடக்கிக் காட்டும்" என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, ஓடுபாதையோரம் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. பதில் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன்.

ஷாலினி ஓடுபாதையின் முனைக்குப் போய்த் திரும்பி நின்றாள். நான் ரேடியோவோடு ஓரத்தில் நின்றேன். அப்போதுதான் காற்றுப்பை எழுந்தது. குறுக்கே திரும்பி விறைத்துக்கொண்டது. குறுக்குக் காற்றில் தனியாக இறங்கும் அளவுக்கு அவளுக்குப் பழக்கமில்லை. "நில்லு, திரும்பி வா" என்று சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஏழு வயதில், படகேறப் போன அப்பாவை, "நைனா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். சோற்றுத் தூக்கை மறந்துவிட்டார், அவ்வளவுதான். சகுனம் கெட்டுவிட்டது என்று அன்று அவர் கடலுக்கே போகவில்லை. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "கடலுக்குப் போறவங்கள பின்னால கூப்டாதன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?"

படித்தேன், ஞானஸ்நானம் எடுத்தேன், ஆகாயத்திலேயே பறந்தேன். அந்த அடி மட்டும் முதுகை விட்டுப் போகவில்லை. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்போதே விமானம் மேலே போய்விட்டது.

ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆறேழு நிமிடம்தான். இறங்கித்தானே ஆக வேண்டும்? நீர்தானே காற்றை அடக்கிக் காட்டினீர், இப்போது இது என்ன என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். கடைசியில் சண்டை போடவும் தெம்பில்லை. "என் வாயைத் திறந்துவிடும்" என்று அழுதேன். ஜெபம் அவ்வளவுதான்.

விமானம் இறங்க வந்தது. நேராக வரவில்லை, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. தரை நெருங்கும்போது ஒரு பக்கத்து இறக்கை சாய்ந்தது. ரேடியோவில் பேசுகிற முறையெல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். "ஷாலு, எறங்காத! மேல போ! சுத்தினு வாம்மா!"

விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

அடுத்த சுற்று முழுக்க அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். இந்த முறை காற்று தணிந்ததா, அவள்தான் சமாளித்தாளா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. விமானம் இரண்டு தடவை குதித்து, ஓடி நின்றது.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "மேடம், கெளம்பும்போதே நானும் காத்தப் பாத்தேன். கூப்டுவீங்கனு காத்துனு இருந்தேன். நீங்க கூப்டல. அப்ப சரிதான் போலன்னு போய்ட்டேன்" என்றாள்.

என் மௌனத்தையும் ஒரு கையெழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றே நடந்ததையெல்லாம் தலைமைப் பயிற்றுநரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் யாரையும் தனியாக அனுப்பக் கூடாது என்றார்கள். நியாயம்தான். காலையில் காற்று அடங்கியது தேவனுடைய பதிலா, வெறும் காற்றா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் வாய் திறந்ததே, அது பதில்தான். அதில் மட்டும் சந்தேகமில்லை. இப்போதெல்லாம் நான் அடையாளம் கேட்பதில்லை. பார்க்கக் கண்ணும் கூப்பிட வாயும் கொடுத்திருக்கிறார். கையெழுத்து என்னுடையது.

போன வாரம் ஊருக்கு வந்தேன். விடியலில் நைனா படகுக்குக் கிளம்பினார். முகத்துவாரத்தில் அலை முரடாக இருந்தது. லைஃப் ஜாக்கெட் வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

"நைனா!"

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் நின்றார். பிறகு திரும்பி, "இன்னாம்மா?" என்றார். ஜாக்கெட்டை எடுத்துப்போய் மாட்டிவிட்டேன். அப்படியே கடலுக்குப் போனார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்பிக்கொண்டிருப்பார்கள். கூப்பிடப் பயமாக இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுக் கூப்பிடுங்கள். என் வாயைத் திறந்தவர் உங்கள் வாயையும் திறப்பார். அவருக்கே நன்றி.

நைனாவைக் கூப்பிட்ட அன்று மீன் சரியாகக் கிடைக்கவில்லை. அம்மா என்னைத்தான் முறைத்தாள். பக்கத்தில் நைனா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.