முழுக்கை ஜாக்கெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த நேரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. இந்த ஊரில் பட்டு நெய்கிறவர்களுக்கு இருக்கிற பேர், அதற்கு ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லோரும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைசி நேரத்தில் துணி கொண்டுவருகிறவர்களைத் திட்டிக்கொண்டேதான் தைப்பேன். திட்டு வாங்கினாலும் என்னிடமே வருகிறார்கள் என்ற திமிரும் எனக்கு உண்டு.

அந்த மாதம், பத்து வருடப் பழக்கமுள்ள ஓர் அம்மா இரண்டு பட்டுப் புடவைகளோடு வந்தார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். ஒன்று அவளுக்கு, இன்னொன்று சின்னவளுக்கு. சின்னவளுக்கு இருபது வயது, ஏனாத்தூர் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அளவாகப் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். ஆள் வரவேண்டியதில்லை, அளவு ஜாக்கெட் வந்தால் போதும். கை முட்டி வரைக்கும் இருக்கட்டும், சரிகைக் கரை நன்றாகத் தெரியவேண்டும் என்றார்.

கிளம்பும்போது சொன்னார்: "பெரியவ தொட்டதுக்கெல்லாம் அழுவாம்மா. சின்னவ தங்கம். அவ அழுது நான் பாத்ததே இல்ல."

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். சாம்பாரில் காரம் என்றாலே கண்ணைக் கசக்குவாள். "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் வந்தாள். கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், தோளில் பை. "அக்கா, என்னுதுக்கு மட்டும் மணிக்கட்டு வரைக்கும் கை வெச்சுடுங்க" என்றாள்.

"இந்த வெயில்ல முழுக்கையா? மண்டபத்துல வெந்துடுவ. புடவையோட வர்ற துணியும் பத்தாதும்மா" என்றேன். "என்ன, புது ஃபேஷனா? காலேஜ்ல யாருக்குக் காட்டப்போற?" என்று கிண்டலும் செய்தேன். அவள் சிரித்தாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை. "சரிக்கா" என்று போய்விட்டாள். துணி கொடுத்தவர் அம்மா, அவர் சொன்னபடி முட்டிக் கையே தைத்து முடித்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு மத்தியானம், ஜாக்கெட்டை வாங்கிப்போக அவளே வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. பிரித்துப் பார்த்தவள் முகம் வெளிறிப்போனது. "முழுக்கை சொன்னேனேக்கா" என்றாள்.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, சுடிதார் கையை மேலே தள்ளிவிட்டேன். கேட்டுவிட்டுத் தொடுகிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. முட்டிக் கை எதுவரை வரும் என்று காட்ட டேப்பை வைக்கப் போன இடத்தில் தழும்புகள் இருந்தன. பழையவையும் இருந்தன, இன்னும் ஆறாதவையும் இருந்தன. அவளே செய்துகொண்டது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். "பைத்தியமாடி உனக்கு? பெத்தவ பாத்தா என்ன ஆவா? சோறு இல்லையா, துணி இல்லையா, என்ன குறை உனக்கு?" வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

அவள் அழவில்லை. சுடிதார் கையை இறக்கிவிட்டாள். ஜாக்கெட்டை மடிப்புக் கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். "பரவாயில்லக்கா, வேற எங்கியாவது கேட்டுக்கறேன்" என்று எழுந்தாள். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. அவள் இடத்தில் நான் இருந்தால் அந்த ஜாக்கெட் பறந்திருக்கும்.

வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். "நான் கத்துனது தப்பும்மா. கொஞ்சம் உக்காரு, போயிடாத" என்றேன். நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, சிதறிக்கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய காரியம்.

பாதி டப்பா நிறைந்தபோது பேசினாள். "சாவணும்னு பண்ணலக்கா. உள்ளுக்குள்ள என்னமோ ஏறிக்கினே இருக்குது. கோவமா, அழுகையான்னே தெரியாது. அழுவ வராது. பண்ணிட்டு அப்புறம் இன்னும் மோசமா இருக்குது. வெக்கமா இருக்குது. யாருகிட்ட சொல்றது?"

எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப அக்கா ஒரே அழுகை. அம்மா எங்கிட்ட, நீயாவது அழாம இருடின்னாங்க. அப்போலேந்து அழாமதான் இருக்கேன்."

அவள் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லவே மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். டாக்டரைப் பாக்கலாம், நான் கூட வரேன்" என்றேன். முழுக்கை வைத்துக் கொடுத்தால் வருகிறேன் என்றாள்.

பட்டுக்கா இந்த ஊரில் பஞ்சம்? அதே நிறத்தில் துணி வாங்கி, சரிகைக் கரைக்குக் கீழே ஒட்டுத் தெரியாமல் சேர்த்தேன். மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பூட்டிய கடை வாசலில் எத்தனை பேர் என்னைத் திட்டினார்களோ தெரியாது.

டாக்டர் அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு அவள் சம்மதத்தோடு என்னையும் கூப்பிட்டார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்: "எல்லாரும் கவனிக்கணும்னு பண்றதா டாக்டர் இது?"

"கவனிக்கணும்னு நினைக்கிற பொண்ணு இந்த வெயில்ல ஏம்மா முழுக்கை கேக்குது?" என்றார். இது சரியாகக்கூடியது, நாளாகும், திட்டினால் இன்னும் ஒளித்துவைப்பாள் என்றும் சொன்னார்.

கல்யாணத்தில் அவள் முழுக்கை ஜாக்கெட்டோடு சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது வீடே அழுதது, இவள் மட்டும் தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த மாதம், டாக்டரின் அறையில் வைத்து, அவளே அம்மாவிடம் சொன்னாள்.

மறுநாள் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். "பத்து வருசமா வரேன். எம் பொண்ணு விசயம் எனக்கு முன்னாடி உனக்கெப்படித் தெரியலாம்? நீ யாரு அவளைக் கூட்டிக்கினு போக?" என்று கேட்டார். நியாயமான கோபம்தான், வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்தவர் முக்காலியில் உட்கார்ந்தார். "அழவே மாட்டான்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தேனேம்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கொடுத்து வைத்தவர் என்று சொன்னவள் நான். என்ன ஆறுதல் சொல்வது? அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் இரண்டு முறை சறுக்கினாள். இரண்டு முறையும் அவளே டாக்டருக்குப் போன் செய்தாள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போகிறாள். போன மாதம் துணியோடு வந்து, "முட்டி வரைக்கும் போதும்க்கா" என்றாள். "கையைத் தொடலாமா?" என்று கேட்டேன். நீட்டினாள். தழும்புகள் மங்கியிருந்தன, போகவில்லை. அளவெடுக்கும்போது ஆபீசில் ஒருத்தி தன்னைப் பற்றித் தப்பாகப் பேசியதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் உடைந்து, புதுத் துணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். 'அழாதே' என்று என் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை டேப்பைப் பிடித்தபடியே நின்றேன்.

இன்றைக்கும் யாராவது 'எம் பொண்ணு அழவே மாட்டா' என்று பெருமையாகச் சொல்லி அளவு ஜாக்கெட்டை நீட்டினால், நான் வாங்குவதில்லை. ஒரு தடவை அந்தப் பெண்ணையே அனுப்பிவையுங்கள் என்று சொல்கிறேன்.