மஃரிபுக்குப் பிந்திய செய்தி

1980 ஜூன் 18, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்து வைத்தேன். சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். எட்டேகாலுக்குக் கோச்சடைப் பக்கம் இருக்கும் மில்லுக்குப் புறப்பட்டேன். அங்கே நான் ஸ்டோர் குமாஸ்தா. பெல்ட், பேரிங், எண்ணெய் டின் என்று உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொள்ளும் வேலை. மதியம் தயிர்ச்சோறு, நார்த்தங்காய். மாலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வைகையில் தண்ணீர் இல்லை; மணலில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆறு மணிக்குச் செல்லூரில் வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன்.

அன்றைய டைரியில் இதுவரை எல்லா நாளையும் போலத்தான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே கையெழுத்து மாறிவிடுகிறது.

நாங்கள் இருந்தது ஒரு காம்பவுண்டு. ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஆறு வீடுகள், பின்னால் விசைத்தறிக் கூடம். தறிச் சத்தம் எங்களுக்குச் சத்தமாகவே தெரியாது, நின்றால்தான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாய் இருந்தார். கீழவாசல் பக்கம் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். எந்த ரேடியோவையும் பிரித்து மாட்டிவிடுவார். "அது பேசுறதுதான் நமக்கு வெளங்காதுண்ணே," என்பார்.

அவருடைய மனைவி துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போகும்போது மகளுக்கு மூன்று வயது. இப்போது அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் அலமாரியில் இருக்கும் போட்டோதான். அதே ஆஸ்பத்திரியில் ஒயரிங், ஒலிபெருக்கி, மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. கிடைத்தால் குடும்பத்துக்கு வீடு தருவார்கள். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கலாம். வேலை அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் எழுதிக் காட்டமாட்டார்கள், இங்கிலீஷில் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆகையால் மெட்ராஸில் ஒரு பரீட்சை வைத்தார்கள். டேப்பில் ஒரு சின்ன உலகச் செய்தியை ஒரே ஒரு தடவை ஓடவிடுவார்கள். பிறகு ஐந்து கேள்வி: எங்கே, என்ன, யார், எத்தனை, அடுத்து என்ன.

இதற்குப் பயிற்சி எடுக்கத்தான் பாய் என்னிடம் வந்தார். நான் இருபது வருடமாக இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பவன். சிரமம் இருக்காது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். கடல் கடந்து ஒலிக்கும் ஒரு வானொலி, சிற்றலையில், மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் செய்தி வாசிக்கும். நம் கடிகாரத்துக்கு அது அரை மணிகளில் வரும்: ஆறரை, ஏழரை, எட்டரை என்று. சாயம் போட்ட நூல் காயப்போடும் கம்பத்திலிருந்து எங்கள் ஜன்னல் வரைக்கும் பாய் செம்புக் கம்பி இழுத்தார். பழைய மரப்பெட்டி ரேடியோ ஒன்றை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். முதல் நாள் கேட்டோம். எனக்குப் புரிந்தது நான்கு நாட்டின் பெயர்கள். அவருக்கு மூன்று. கண்ணுக்குப் பழகிய இங்கிலீஷ் காதுக்குப் பழகவில்லை என்று அன்றுதான் கண்டேன். அதன்பிறகு இரண்டு பேரும் ஒரே வகுப்புதான்.

பிப்ரவரியில் ஒரு நாள். ஏதோ ஒரு தேசத்தில் பனியில் ரயில் நின்றுவிட்டது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் ரொட்டியும் கம்பளியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முழுவதும் புரிந்தது, ஒரு சொல் விடாமல். எங்கள் கூடத்தில் ஒரே புழுக்கம், பின்னால் தறி அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பனியின் குளிர் முதுகில் தெரிந்தது. பாய் காதுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்காமலே, "அண்ணே, வெளங்கிருச்சு," என்றார். அவர் குரல் பள்ளிவாசலுக்குள் பேசுகிற மாதிரி அடங்கியிருந்தது.

காம்பவுண்டு வாசல் டீக்கடையில் இது பெரிய கேலி. "என்ன மாப்ள, அமெரிக்காவுல இன்னிக்கி என்ன கொழம்பாம்?" என்று கேட்பார்கள்.

"நீ குடிக்கிற டீயை விடக் கெட்டியாத்தான் வச்சிருக்காகளாம்," என்பார் பாய்.

துபாயிலிருந்து அவர் மனைவி ஒரு யோசனை எழுதியிருந்தாள். அவளும் அதே செய்தியை அங்கே கேட்பாள். வேலையே இங்கிலீஷில் பார்க்கிறவள். இரண்டு பேரும் அவரவர் கேட்டதற்கு அந்த ஐந்து பதிலையும் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். கடிதம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் செய்தி? "மஃரிபு தொழுததும் வர்ற செய்தி" என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பள்ளிவாசல் பாங்குதான் கணக்கு. அசருக்குப் பிறகு கடைக்குச் சாமான் வரும், மஃரிபு முடிந்து வருகிறேன் என்றுதான் பேச்சு. நானும் அவரோடு பழகி, மாலை நேரத்தை அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தேன். பொழுது அடைந்ததும் மஃரிபு பாங்கு கேட்கும். அவர் போய்த் தொழுதுவிட்டு வருவார். ஏழரைச் செய்தி.

கடிதங்கள் வர ஆரம்பித்ததும் பாய் சோர்ந்துபோனார். ஒப்பிட்டால் ஒத்துப்போகவில்லை. பேச்சுவார்த்தை தொடர்கிறது என்று இவர் எழுதியிருப்பார். முறிந்துவிட்டது என்று அவள் எழுதியிருப்பாள். இவர் கேட்காத ஒரு தீ விபத்துச் செய்தி அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் தவறாகக் கேட்டிருப்பாள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அந்தப் புதன்கிழமை வந்த கடிதம் பன்னிரண்டு நாளைக்கு முந்திய செய்தியைப் பற்றியது. வெள்ளிக்கிழமை மெட்ராஸில் பரீட்சை. வியாழன் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். மஃரிபு முடிந்து வந்தவர் ரேடியோவைத் திருப்பாமல் உட்கார்ந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நான் போகலண்ணே."

"எங்க?"

"மெட்ராஸுக்கு. ஒம்போது பேரு உசுரோட இருக்கானா செத்தானான்னு எனக்கு வெளங்கல. என்னைய ஆஸ்பத்திரியில வச்சு என்ன செய்வாக?"

எனக்கு அந்தச் செய்தி நினைவிருந்தது. வட கடலில் ஒரு சரக்குக் கப்பல் கவிழ்ந்தது. ஒன்பது மாலுமிகளைக் காணவில்லை, பெருங்காற்றில் தேடுகிறார்கள், நம்பிக்கை குறைவு. நானும் அப்படித்தான் கேட்டிருந்தேன். கடிதத்தில் அவர் மனைவி எழுதியிருந்தது: ஒன்பது பேரும் கிடைத்துவிட்டார்கள், ஒரு மீன்பிடிப் படகு அவர்களைத் தூக்கியது, அடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"ரெண்டு செவிடும் ஒரே மாதிரியா கேக்கும்?" என்றேன்.

"செவிடுன்னா அப்படித்தாண்ணே கேக்கும்," என்றார். சிரிக்கவில்லை.

என் மனைவி சமையற்கட்டு வாசலில் அவருடைய மகளுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்தில் பிள்ளை எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். "கடுதாசியில எங்களை விசாரிச்சிருக்காளா, அதைப் படிங்க," என்றாள். நான் வாசித்தேன்.

"மதினிக்கும் அண்ணனுக்கும் என் சலாம். மஃரிபு தொழுதுவிட்டு ரேடியோவைத் திருப்பினேன். இந்நேரம் அங்கே பிள்ளை தூங்கியிருக்கும், மச்சான் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்."

என் மனைவி தோசைக் கையோடு நிமிர்ந்தாள். "ஏந்தம்பி, நம்ம புள்ள எந்தக் காலத்துல ஏழரை மணிக்குத் தூங்கியிருக்கு? ஒம்பது மணிக்கு மேலதான இதைப் படுக்க வைக்கவே முடியும்? பெத்தவளுக்குத் தெரியாதா?"

பிள்ளை, "நான் தூங்கல பெரியம்மா," என்றது.

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. பொழுது நமக்கு அடைந்துவிட்டது. அவளுக்கு இன்னும் அடையவில்லை. நம்மை விட்டுப் போன சூரியன் மலைகளைத் தாண்டி, அரபிக் கடலைத் தாண்டிப் போய், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவள் ஜன்னலில் இறங்கும். அப்போதுதான் அங்கே மஃரிபு பாங்கு. அவள் கேட்பது நம்முடைய ஒன்பதரைச் செய்தி. நான்கு மாதமாக அவர்கள் இருவரும் ஒரே தொழுகையை முடித்துவிட்டு வேறு வேறு செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னேன். பாய் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "அப்பன்னா அந்த ஒம்போது பேரு?" என்றார்.

"நாம கேட்டப்பக் கடல்ல கெடந்தாக. அவ கேட்டப்பப் படகுல ஏறிட்டாக."

"நான் எழுதுனதும் சரி."

"சரி."

"அவ எழுதுனதும் சரி."

"ரெண்டும் சரிதான் பாய்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குப் பொழுது அடைந்ததற்கும் அவளுக்குப் பொழுது அடைந்ததற்கும் நடுவில், பெயர் தெரியாத ஒரு கடலில், ஒன்பது பேர் பிழைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாளாக நான் அவர்களைச் செத்தவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். டைரியில் அன்றைய பக்கத்தில் இந்த இடத்தில் மட்டும் எழுத்து பெரிதாக இருக்கிறது.

ஒன்பதரை வரைக்கும் காத்திருந்தோம். பிள்ளை என் மனைவியின் மடியில் தூங்கிவிட்டது. பாய் ஏரியல் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வாசலில் டீக்கடைப் பெஞ்சை உள்ளே எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நேரம் காட்டும் மணிகள் வரிசையாக ஒலித்தன. வழக்கமான அந்த ஆண்குரல், அவசரமில்லாமல், வணக்கம் சொன்னது.

"இப்ப அவளும் கேக்குறா," என்றார் பாய்.

எத்தனையோ மாலைகள் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அன்று வேறு மாதிரி இருந்தது. சூரியனுக்கு எங்களிடமிருந்து அவளிடம் போக இரண்டு மணி நேரம் வேண்டும். கடிதத்துக்குப் பன்னிரண்டு நாள். இந்தக் குரலுக்கு எதுவுமே வேண்டாம். வாசிப்பவர் மூச்சு எடுக்கும்போது அந்த மூச்சு செல்லூரிலும் துபாயிலும் ஒன்றாகக் கேட்டது. தறிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு புழுக்கமான கூடத்தில் நாங்கள் மூன்று பேர், அங்கே ஒரு நர்ஸ் விடுதியில் அவள், இன்னும் எந்தெந்த மலையில் யார் யாரோ, எல்லோரும் அந்த நொடியில் ஒரே சொல்லில் இருந்தோம். என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளும் அசையாமல் இருந்தாள்.

செய்தி ஒரு பெரிய ஆற்றின் வெள்ளத்தைப் பற்றியது. கரை உடைந்த ஊர், மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள், மறுநாள் வரப்போகும் படகுகள். முடிந்ததும் பாய் ரேடியோவை நிறுத்தினார். பென்சிலைத் தொடவில்லை. எங்கே, என்ன, யார், எத்தனை, அடுத்து என்ன: ஐந்தையும் வாயாலேயே, இங்கிலீஷிலேயே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் காதில் விழுந்ததும் அதுதான். சொல்லிவிட்டு மடியில் கிடந்த மகளைப் பார்த்தார். இத்தனை மாதமும் என்னிடம் சரியா சரியா என்று கேட்கிறவர், அன்று கேட்கவில்லை.

"அண்ணே, காலையில ரயிலு எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஆறரைக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கணும்."

"மதினி, புள்ளையை ரெண்டு நாளைக்குப் பாத்துக்கங்க."

"இம்புட்டு நாளும் யாரு பாத்தாகளாம்?" என்றாள் என் மனைவி.

மெட்ராஸில் அவருக்குக் கிடைத்த செய்தி ஏதோ ஒரு சுரங்கத்தைப் பற்றியது என்று பிறகு சொன்னார். தேர்வாகிவிட்டார். அந்த வருடக் கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வெள்ளச் செய்திக்கு அவர் மனைவி எழுதிய பதில்கள் ஜூலையில் வந்தன. ஐந்தும் ஒத்துப்போயின. அந்தக் கடிதத்தை அவர் ரொம்ப நேரம் மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை இரவு பத்து மணிக்கு டைரியை எழுதி முடித்தேன். விளக்கை அணைத்தபின், இப்போது எந்த ஊரில் பொழுது அடைகிறதோ, எந்தப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்களோ என்று யோசித்தபடி படுத்திருந்தேன். எங்கேயாவது ஓர் ஊரில் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கவில்லை. முதல் வேலையாகச் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து, பாயின் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினேன்.