கிழக்கெல்லையில் ஒரு பெயர்

2003ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு பியோர்ண்டாலில். விடிய ஆறரைக்கு பஸ் பிடித்து ஹவுகெட்டோவில் இறங்கி, அங்கிருந்து ரயில். வேலை என்ன பெரிய வேலை, பாண் வெட்டுவது, சீஸ் அடுக்குவது, தட்டுக் கழுவுவது. ஆனால் நான் நிற்கிற இடத்தில் கலகலப்புக்குக் குறைவிராது. எனக்குப் பிறவியிலேயே வாய் கொஞ்சம் நீளம்.

அங்கே என்னோடு வேலை செய்த இன்னொரு தமிழ்ப் பெண் எனக்கு நேர்மாறு. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். ட்வெய்ட்டாவில் குடியிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருஷமாக ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறந்தவர்கள் நாங்கள்.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒரு தமிழரைக் கண்டால் முதலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "ஊரிலை எவடம்?" ஊரைச் சொன்னால் விடமாட்டோம். எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆரின்ரை ஆக்கள் என்று தோண்டிக்கொண்டே போவோம். எதற்குத் தோண்டுகிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நானும் முதல் வாரமே தோண்டிப் பார்த்துவிட்டேன். என் ஊர்தான், ஆனால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம். என்ன சாதி என்று விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அவரோடு சோறு பகிர்ந்து சாப்பிட்டேன், அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு.

அந்த வருஷம் தை மாதம் அவருடைய தகப்பனார் ஒஸ்லோவிலேயே காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டிருக்கிறார். கொள்ளி வைத்த அவருடைய தம்பி, தகப்பனின் பெயரைச் சொன்னார். அப்பப்பாவின் பெயர் பொன்னன் என்று சொன்னார். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயர் நல்ல மனுஷன், தெரியாவிட்டால் சாமி பெயரைச் சொல்லுவோம் என்று கிரியையை முடித்து வைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லையாம்.

"அப்பாவிட்டைப் பழைய கதை கேட்டால் கதையை மாத்திப்போடுவார் அக்கா. நாங்களும் விட்டிட்டம். இப்ப பாத்தால், நாங்கள் என்ன வானத்திலை இருந்தே விழுந்தனாங்கள்? வருஷம் முடிய வாற ஆட்டைத் திவசத்துக்கு முதல் அந்த ஒரு பேரைக் கண்டுபிடிக்கோணும்" என்றார்.

எங்கள் ஊர் அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. போய்க் கேட்கவும் வழியில்லை, கேட்டுச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தடயம், தங்கள் காணி நாவலடி வளவுக்குப் பக்கத்துக் காணி என்று தகப்பன் எப்போதோ சொன்னது.

எனக்குப் பெருமைப் புளுகம் பொறுக்கவில்லை. "நாவலடியோ! அது என்ரை அம்மாவின்ரை சீதனக் காணியெல்லே! எங்களிட்டை ஏழு தலைமுறைக்கு எழுத்து இருக்கு, தெரியுமே? மரணசாதனம்கூட இருக்கு" என்று அந்தச் சமையலறை அதிர அளந்துவிட்டேன்.

அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப காணி உறுதியிலை நாலு எல்லையும் எழுதியிருப்பினமே அக்கா? பக்கத்துக் காணிக்காரரின்ரை பேரும் கிடக்குமே?"

"கிடக்காமல்? ஞாயிற்றுக்கிழமை பாத்துச் சொல்லுறன்" என்றேன், பெரிய வள்ளல்போல.

அந்த உறுதிப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அம்மா நகையைக்கூடச் சரியாக எடுக்கவில்லை, காணி உறுதிகள், அதாவது பத்திரங்கள், இருந்த பையைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பிறகு அதே பையோடு ஒஸ்லோ வந்து சேர்ந்தார். அம்மா போனபின் அது எங்கள் கட்டடத்தின் நிலவறையில், பிள்ளைகளின் பனிச்சறுக்கு ஸ்கீக் கட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்கியது. அதற்குள்தான் மரணசாதனம், எங்கள் மூதாதை சாகுமுன் எழுதிவைத்த உயில். ஓலையில் இருந்ததை, உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு பிற்காலத்தில் கடதாசியில் பெயர்த்தெழுதியது. அம்மா அதற்கு விபூதி பூசி வைத்திருந்தார். விபூதி பூசினோமே தவிர, எங்கள் வீட்டில் யாரும் அதை முழுதாக வாசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு கணவர் போய்விட்டார். நான் மேசையில் பையைப் பிரித்து, முதலில் மரணசாதனத்தைத்தான் எடுத்தேன். பெருமையை ஒருமுறை கண்ணால் பார்க்கும் ஆசை. புள்ளியில்லாத பழைய எழுத்து, தட்டுத் தடுமாறி வாசித்தேன். நாவலடி வளவும் கிணறும். எருது இரண்டு. கறவைப் பசு மூன்று. அதற்கு அடுத்த வரியில், அடிமை முத்தனும் அவன் மகன் கதிரனும் மூத்த மகளுக்கு. முத்தன் பெண்சாதி வள்ளி, என் பெண்சாதி சாகுமட்டும் அவளுக்கு. அவர்கள் மகள் சின்னி, வயது எட்டு, இளைய மகளுக்கு. அதற்குப் பிறகு செம்புக் குடம்.

நான் மூன்று தரம் வாசித்தேன். எழுத்து மாறவில்லை. பசு மாட்டுக்குப் பிறகு, செம்புக் குடத்துக்கு முன்னால், ஒரு குடும்பத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார் எங்கள் மூதாதை. என் மகளுக்கும் அந்த வருஷம் எட்டு வயது. நாவலடிக்குப் பக்கத்துக் காணிக்காரர் யாருடைய வழியில் வந்தவர்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

லண்டனில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"விசரே உனக்கு? அதைக் கொண்டுபோய் அவையளுக்குக் காட்டப்போறியே? நாளைக்கு ஒரு சபை சந்தியிலை எங்களை மதிப்பினமே? வேணுமெண்டால் எல்லையிலை கிடக்கிற பேரை ஒரு துண்டிலை எழுதிக் குடு. மரணசாதனத்தை வெளியிலை எடுத்தியோ, உனக்கும் எனக்கும் கதை இல்லை."

நான் மற்ற உறுதிகளைப் பார்க்காமலே பையைக் கட்டிவிட்டேன். அடுத்த நாள் வேலையில், கண்ணைப் பார்க்காமல், "நிலவறையிலை தண்ணி வந்து பை நனைஞ்சுபோச்சு, ஒண்டும் வாசிக்கேலாமல் கிடக்கு" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவர் முகம் வாடியது. "பரவாயில்லை அக்கா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் ஒரு பையை என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு கட்டு மை ஒற்றும் தாள், ஐம்பது பிளாஸ்டிக் உறை. வேலை முடிந்து நூலகத்துக்குப் போய், நனைந்த கடதாசியை எப்படிக் காய வைப்பது என்று கேட்டு வந்திருக்கிறார்.

"ஹீட்டருக்குப் பக்கத்திலை வைச்சிடாதேங்கோ, சுருங்கிப்போமாம். ஒவ்வொரு தாளுக்கும் நடுவிலை இதை வைச்சு, மேலை பாரம் வையுங்கோ. எங்கடை பேர் கிடைக்காட்டிலும் காரியமில்லை. உங்கடை அம்மா சுமந்து வந்ததெல்லே, அழிய விடக்கூடாது."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நான் சாப்பாட்டை மூடிவிட்டு எழும்பிப் போய்க் குளிரறைக்குள் நின்று அழுதேன். பால் பெட்டிகளுக்கு நடுவில்.

சனிக்கிழமை பையோடு ட்வெய்ட்டாவுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அப்போதுகூட முழு மனதோடு போகவில்லை. அம்மாவின் சீதன உறுதியை மேலே வைத்து, மரணசாதனத்தை அடியில் வைத்திருந்தேன். அவருடைய வரவேற்பறை மேசையில் சீதன உறுதியை விரித்தோம். பை காய்ந்தே இருப்பதை அவர் கவனித்தார். விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார்.

"கிழக்கு, வேலன் மகன் பொன்னன் முதலானோர் காணி."

"வேலன்" என்றார். திரும்பவும் "வேலன்" என்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சிரிப்பும் வந்தது அவருக்கு. "அப்பாவின்ரை அப்பப்பா அக்கா! பேர் வேலனாம்!"

தேடி வந்த பெயர் கிடைத்துவிட்டது. அண்ணா சொன்னபடியே எல்லாம் நல்லபடி முடிந்தது. நான் எழும்பி வந்திருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், "வேலன்ரை தகப்பன் ஆரெண்டும் எங்கையாவது கிடக்குமே?"

பையின் மேல் என் கை இருந்தது. எடுத்தால் போச்சு, எடுக்காவிட்டாலும் போச்சு. ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். "பை நனையேல்லை. நான் பொய் சொன்னனான். இன்னொண்டு கிடக்கு. அதை வாசிச்சால் நீர் பிறகு என்ரை முகத்திலை முழிப்பீரோ தெரியாது."

அவர் கை நீட்டினார். கொடுத்தேன்.

வாசித்து முடித்ததும் எழும்பிக் குசினிக்குள் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கனநேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் மகளின் பள்ளிக்கூடக் கொப்பியும் பென்சிலும்.

"கோவம் வரேல்லை எண்டு பொய் சொல்லமாட்டன் அக்கா. அந்தச் செம்புக் குடத்தைத் தூக்கி எறியோணும் போலை கிடக்கு. உங்களிலை இல்லை, ஆரிலை எண்டும் தெரியேல்லை. ஆனா இவ்வளவு நாளும் எங்களுக்குப் பேரே இல்லையெண்டு நினைச்சிருந்தனான். இவையும் எங்கடை ஆக்களாத்தான் இருக்கோணும். சொல்லுங்கோ, எழுதுவம். முத்தன், வள்ளி..."

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "மிச்ச உறுதியளையும் எடுங்கோ" என்றார்.

நிலத்தில் பாய் விரித்ததுபோல உறுதிகளைப் பழசிலிருந்து புதுசு வரை வரிசையாக அடுக்கினோம். எங்கள் ஆட்கள் வாங்கியது, விற்றது, பிரித்தது என்று எல்லாவற்றிலும் நாவலடி வளவு இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை, அதன் எல்லைகளை மட்டும் பார்த்தோம். மரணசாதனத்துக்குப் பிந்திய உறுதியில் கிழக்கும் தெற்கும் எங்கள் சொந்தக்காரரின் காணிதான். அதற்கும் வெகுகாலம் பிந்திய ஒன்றில், கிழக்கு, கதிரன் மகன் வேலன் காணி என்று இருந்தது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட உறுதியை இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு வாசித்தோம். கிழக்கு, முத்தன் மகன் கதிரன் காணி. தெற்கு, முத்தன் மகள் சின்னி காணி.

"சின்னி!" அவர் துள்ளி எழும்பியே விட்டார். "அக்கா, சின்னி திரும்பி வந்திட்டாள்! தமையனுக்குப் பக்கத்திலை!"

எட்டு வயதில் தகப்பனையும் தாயையும் தமையனையும் விட்டு வேறு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளை. எத்தனை வருஷம் கழித்து, எப்படி வந்தாளோ, அந்த உறுதியில் ஒன்றும் இல்லை. ஆனால் வந்திருக்கிறாள். குடியிருக்கும் காணி என்றுகூட இல்லை, சின்னி காணி. சொந்தக் காணி. அந்த ட்வெய்ட்டா வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில், கீழ்வீட்டு நோர்வேக்காரக் கிழவி மேலே வந்து மணி அடித்தார். என்ன சொல்வது? சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்கள் என்று சொன்னோம். அவரும் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தை மாதம் ஆட்டைத் திவசத்துக்கு நானும் போனேன். வெளியே முழங்கால் வரை பனி. ஐயர் பெயர் கேட்டார். தம்பி இந்தமுறை நிமிர்ந்திருந்து, தகப்பன் பெயரையும் பொன்னனையும் வேலனையும் கணீரென்று சொன்னார். ஐயர் தொடரப் பார்த்தார்.

தம்பிக்குப் பின்னாலிருந்து என் தோழி கேட்டார். "ஐயா, இன்னும் நாலு பேர் கிடக்கு. முறைப்படி மூண்டு தலைமுறைக்குள்ளை வராயினம்தான். சேர்க்கேலுமே?"

"ஏன் ஏலாது? பேர் தெரிஞ்சால் சொல்லுங்கோ பிள்ளை" என்றார் ஐயர்.

அவர் கொப்பியைப் பார்க்காமலே சொன்னார். கதிரன். முத்தன். வள்ளி. சின்னி. எள்ளும் தண்ணீரும் விழுந்தன. நூற்றறுபது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த நாலு பேரையும் ஒரே மூச்சில் ஒன்றாகக் கூப்பிட்டதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மரணசாதனத்தின் பிரதி இப்போது அவர் வீட்டிலும் இருக்கிறது, அவர் வாங்கித் தந்த உறைக்குள் அசல் எங்கள் வீட்டில் இருக்கிறது. விபூதி பூசுவதை நிறுத்திவிட்டேன். அண்ணா அதைப் பற்றி இன்றைக்கும் கதைப்பதில்லை, ஆனால் போனை வைப்பதும் இல்லை. இதில் உயிரோடு இருக்கிற யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை, என்னுடையதைக்கூட. அந்தப் பழைய ஆட்களின் பெயரை மட்டும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏற்கெனவே போதுமான அளவு மறைத்தாகிவிட்டது. இப்போதும் எங்கேயாவது ஒரு கல்யாணத்தில், ஒரு கோயிலில், யாராவது என்னைத் தோண்டத் தொடங்கி, "ஊரிலை எவடம்?" என்று கேட்பார்கள். "கதிரன், சின்னி ஆக்களின்ரை காணிக்குப் பக்கத்துக் காணி" என்று சொல்கிறேன். ஏழு தலைமுறைப் பெருமையில் எனக்கு மிஞ்சிய ஒரே நல்ல விலாசம் அதுதான்.